சலேத்தம்மாளுக்கு முன்னால் போன தடம்

கொம்பன்துறைக் கருவாட்டுக்காரி சலேத்தம்மாளின் சைக்கிள் தடம் அவளுக்கு முன்னால் வந்துவிடத் தொடங்கியது சவேரியார் திருநாள் கழிந்த மறுவாரத்தில்தான். அதை முதலில் பார்த்தவள் செம்மணல் தேரிக்கு மேற்கே கோட்டான்விளையில் விடிந்தும் விடியாமலும் வாசல் பெருக்க வந்த பொன்னுக்கிளி. தெருவிலிருந்து ஒரு டயர் தடம் நெளிந்து வந்து, முருங்கை மரத்தைச் சுற்றி, நடைப்படிக்கு முன்னால் நின்று, வட்டமடித்துத் திரும்பிப் போயிருந்தது. சலேத்தம்மாளின் பின் டயரில் கிழிசல் விழுந்த இடத்தில் குறுக்கே ஒரு தையல் உண்டு, சக்கரம் சுற்றுகிறபோதெல்லாம் அந்தத் தையல் மண்ணில் குட்டிப் பூரான் மாதிரி விழும், அந்தப் பூரான் வாசல் முழுக்க விழுந்து கிடந்தது. பொன்னுக்கிளி விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்ப் புளியை ஊறப்போட்டாள். வெயில் ஏறிய பிறகு சலேத்தம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். அவளுடைய சக்கரங்கள் அந்தத் தடத்திலேயே ஏறி, முருங்கையைச் சுற்றி, நடைப்படிக்கு முன்னால் வந்து நின்றன.

“என்னக்கா, காலையிலயே ஒருதரம் வந்துட்டுப் போனியளோ?”

“நான் இப்பந்தான்ட்டி வாரேன். தேரியில காத்து எதுத்து அடிச்சுது.”

இருவரும் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வாளைக் கருவாடு சரியாகக் காய்ந்திருக்கிறதா என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள், ஏனென்றால் அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

சலேத்தம்மாளின் சைக்கிள் என்றால் சும்மா கடைக்குப் போய்வருகிற சைக்கிள் இல்லை. கருவாட்டுப் பெட்டியோடு ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிவிடுகிறார்கள் என்று பஸ்ஸோடு சண்டை போட்டுப் பிரிந்த நாளில், கணவர் கஸ்பாரின் தண்டு வைத்த சைக்கிளை எடுத்து, கேரியரின் இரண்டு பக்கமும் சாக்குப் பை தொங்கவிட்டு, மேலே ஓலைப்பெட்டியை வைத்துக் கயிற்றால் இறுக்கி, ஹேண்டில்பாரில் தண்ணீர்க் கேனும் மாற்றுச் சேலையும் மாட்டி, தண்டோடு காற்றடிக்கிற பம்பைச் சேர்த்துக் கட்டிக் கிளம்பியவள் அவள். திங்கள் காலை புறப்பட்டால் சனிக்கிழமை பூசைக்குத்தான் ஊர் திரும்புவாள். கஸ்பார் கடலுக்குப் போவார், வருவார், தூங்குவார், அவருக்கு இதில் வேறு பங்கில்லை. போகிற பாதையாவது ஒரே மாதிரி இருக்குமா என்றால் அதுவும் கிடையாது. துறையிலிருந்து கோயில்வரை சிமெண்ட்; கோயிலைத் தாண்டினால் தேரி, கணுக்கால் புதைகிற செம்மணல் மேடுகள், மணலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற உடைமுள்; தேரி முடிந்தால் தார்; தார் முடிந்தால் சல்லியைக் கொட்டிவிட்டு உருளை ஓட்டாமல் மறந்துபோன ரோடு; அதற்கும் அப்பால், மழைக்கு வழுக்கி வெயிலுக்குப் பாறையாகிற குளத்தங்கரைகள். மணலில் காற்றை இறக்கி உருட்ட வேண்டும், தாருக்கு வந்ததும் இறங்கி நின்று பம்பு அடித்து ஏற்ற வேண்டும், சல்லியில் பாரம் பின்னுக்கு இழுக்காமல் முன்னால் குனிந்து மிதிக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஈடு கொடுக்க அவளிடம் இருந்தது பட்டனெல்லாம் தேய்ந்து மொட்டையாகிப்போன முன் டயரும், தையல் போட்ட பின் டயரும்தான். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவ்வளவோடு சரி.

தடம் முந்தி வருகிற விஷயத்தை ஊர்கள் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் போகப்போகிற வழி அன்றைக்குக் காலையில் மண்ணில் விழுந்து கிடக்கும், அவ்வளவுதானே, இதற்கு என்ன ஆச்சரியப்பட இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் வாசலைப் பார்த்த பிறகுதான் என்ன குழம்பு என்று தீர்மானித்தார்கள். தடம் ஏறியிருந்தால் கருவாடு, ஏறாவிட்டால் ரசம். கோலத்தைத் தடம் கெடாமல் இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகப் போட்டார்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சாமி ஒருவர், தன் வீட்டு வாசலில் தடம் ஏறியிருப்பதைக் கண்டு பதறி, அது பக்கத்து வீட்டுக்கு வந்தது, வழி தவறி இங்கே வந்துவிட்டது என்று ஊர் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத்தியானம் அவருடைய மாமியார் நெத்திலி வாங்கியதோடு அந்த விளக்கம் ஓய்ந்தது. தடம் ஏறாத வீட்டுக்காரிகள் போன் போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

“எங்க வீட்டுக்கு மட்டும் என்ன கொறச்சல்? தடத்தக் காணோமே!”

“நானா தாயி போடுதேன்? டயர்லா போடுது” என்பாள் சலேத்தம்மாள்.

கொம்பன்துறைப் பங்குச்சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், இதில் பாவம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் இதைச் சொல்லிப் பெருமை பேசிக்கொண்டு அலைய வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சாயாமல் பேசிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். வேண்டாதவர்கள் யாராவது தடத்தைப் பெருக்கித் தள்ளினால், விளக்குமாறு நகர்ந்த கையோடு அது மறுபடியும் மண்ணில் எழும்பி வந்தது, ஆகவே அந்த வம்பையும் விட்டுவிட்டார்கள். சலேத்தம்மாளே ஒருநாள் வீம்புக்கு வேறு தெருவில் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு முள்வேலி சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தது, திரும்பி வந்து குனிந்து பார்த்தால் அவள் வீம்புக்குப் போன அந்தத் திரும்பலும் காலையிலிருந்தே மண்ணில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வீம்பு பிடிக்கவில்லை. பிள்ளைகள்தான் இதில் உண்மையான லாபம் பார்த்தவர்கள். கழித்துப்போட்ட டயர் எதையாவது எடுத்துக்கொண்டு, குச்சியால் தட்டித் தட்டி, சலேத்தம்மாளின் தடத்தின் மேலேயே உருட்டிப் போக வேண்டும், தடத்தை விட்டு விலகினால் அவுட் என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். பொன்னுக்கிளியின் மகள் தர்ஷினி, முன்பல் விழுந்து முளைக்காத வயது, அந்த விளையாட்டில் எப்போதும் முருங்கை மரத்துக்குப் பக்கத்திலேயே அவுட்டாகி அழுதுகொண்டு வருவாள்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மார்கழியில் குளங்களெல்லாம் நிரம்பித் ததும்பிய அந்த வாரம் வரைக்கும்.

சுற்றுக்குப் போகிறபோது கோட்டான்விளையில் சலேத்தம்மாளுக்குத் தங்கல் பொன்னுக்கிளி வீட்டில்தான். பொன்னுக்கிளியின் கணவன் திருப்பூரில் வேலை பார்த்ததால் துணைக்குத் துணையும் ஆச்சு, பேச்சுக்குப் பேச்சும் ஆச்சு. அன்று காலை இருவரும் நடைப்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஊமைக்குளத்துப் பக்கம் ஆடு மேய்க்கிற வெயிலுகந்தானிடமிருந்து போன் வந்தது. பொன்னுக்கிளி கையில் டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“கருவாட்டு அம்மா ஒங்க வீட்லயா இருக்காவ?”

“ஆமா அண்ணாச்சி, பக்கத்துலதான் இருக்காவ.”

“அவிய தடம் இங்கன குளத்தங்கரையில வந்து, மதகுச் சரிவுல எறங்கி, தண்ணிக்குள்ள போவுது.”

“போயி?”

“போயி என்ன போயி. திரும்பி வரல. நானும் குளத்தச் சுத்திப் பாத்துட்டேன். எங்கனயும் ஏறல.”

பொன்னுக்கிளி போனை அணைக்கக்கூட மறந்துபோனாள். வெயிலுகந்தானின் ஆடுகள் கத்துகிற சத்தம் வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தது. சலேத்தம்மாளுக்குக் கையில் இருந்த டம்ளரின் சூடு தெரியவில்லை, வாயில் இருந்த காபியை விழுங்க வேண்டும் என்பது தெரியவில்லை. பயம் என்று சொன்னால் அது போதாது. இத்தனை நாள் தன்னோடு சேர்ந்து வீடு வீடாக வந்த தடம் இப்படிச் செய்யும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“சனிக்கிழமை பூசைக்குப் போவணுமே நான்” என்றாள், அதுதான் அப்போது வாயில் வந்தது.

செய்தி தெருவில் இறங்கி ஓடி, அடுப்புகளை அணைய விட்டு, பாதிக் கோலங்களைப் பாதியிலேயே நிறுத்தி, ஊரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வந்தவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்கள், இழவு ஆகவேண்டியவளே முன்னால் உட்கார்ந்து காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள், தரையில் தடம் இருந்தது. இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம், கட்டிலில் படுத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்று ஒருத்தி சொன்னாள். ஆனால் தடம் விழுந்து டயர் போகாத நாள் ஒன்றுகூட இதுவரை இருந்ததில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தவர் சைக்கிள் கடை ஐகோர்ட்துரை. பெரிய மீசை, பெரிய தொப்பை, எதையும் தானே முதலில் கண்டுபிடித்ததாகச் சொல்கிற சுபாவம்.

“பாத்தியளா ஒரு சங்கதி? தடம் இங்கயிருந்து நேரே குளத்துக்குப் போவல. மொதல்ல எங்க கடைக்கிப் போவுது. வாசல்ல நிக்கி. அதுக்கப்புறந்தான் குளத்துக்குப் போவுது.”

“அதுக்கு?”

“டயர மாத்தச் சொல்லுது. வேற என்ன? தலையெழுத்து இந்த ரெண்டு டயருக்குந்தான், அம்மாவுக்கு இல்ல. டயர் போற எடத்துக்குப் போயித் தொலையட்டும், அம்மா போவண்டாம்!”

ஊரே ஒரே மூச்சாக மூச்சு விட்டது. எவ்வளவு சுலபமான வழி, கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது, தடமே கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போகிறதே என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். சலேத்தம்மாள் எழுந்து சைக்கிளைத் தள்ளினாள், சக்கரங்கள் தடத்தில் ஏறின, ஊர் பின்னால் நடந்தது.

கடையில் நடந்ததை ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுப்பதோடு வேண்டுமானால் ஒப்பிடலாம். ஐகோர்ட்துரை டயர்களைக் கொக்கியிலிருந்து எடுத்து எடுத்துத் தரையில் பரப்பினார், ஊர் சுற்றி நின்று யோசனை சொன்னது. டெம்போ ஓட்டுகிறவன் ஒல்லி டயரை எடுத்து நீட்டினான்; வழவழவென்று, இறுக்கிக் காற்றடித்தால் தாரில் பறக்கும், மிதிக்கவே வேண்டாம் என்றான். தேரியில் அது கத்தி மாதிரி மணலை அறுத்துக்கொண்டு இறங்கிவிடுமே, பாரத்தோடு யார் தூக்கிவிடுவது என்று ஒருத்தி கேட்டாள். வயலுக்குப் போகிற ஒருவர் கட்டைக் கட்டையாகப் பட்டன் வைத்த டயரைக் காட்டினார். சேற்றில் நகம் பதிப்பது போலப் பிடிக்கும் என்றார். சேற்றில் பிடிக்கும், தாரில் உறுமும், ஒரு மைல் மிதித்தால் தொடை வீங்கும், போதாததற்கு மட்கார்டில் இடிக்கும் என்று ஐகோர்ட்துரையே அதைத் தள்ளி வைத்தார். முன்னால் ஒல்லி, பின்னால் தடிமன் என்று ஒரு கட்சி. இரண்டும் ஒரே அகலம் என்று இன்னொரு கட்சி. உயிர் போகிற விஷயத்துக்கு வந்தவர்கள் என்பதை மறந்து டயருக்காகச் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

சலேத்தம்மாள் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. டயரைத் தொட்டதும் கை தன் வேலையைப் பார்த்தது. ஒவ்வொன்றின் பக்கச் சுவரையும் இரண்டு கட்டை விரலால் அமுக்கி வளைத்தாள்; பாரம் ஏறினால் டயர் கிழிவது அடியில் இல்லை, பக்கத்தில்தான் என்பது தையல் போட்ட டயரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியும். உள்ளே கையை விட்டு, உடைமுள் ஏறினால் டியூப் வரை போகுமா, போகாதா என்று தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள். அகலமானது, நடுவில் விடாமல் ஓடுகிற ஒரு மேடு, இரண்டு ஓரத்திலும் குட்டிக் குட்டிப் பட்டன். காற்றை ஏற்றினால் தாரில் நடுமேடு மட்டும் தொட்டு ஓடும், இறக்கினால் ஓரத்துப் பட்டனும் மணலில் படுத்துப் பாரத்தைத் தாங்கும்.

“இது ஒல்லியவிட மெதுவாத்தான் போவும்” என்றார் ஐகோர்ட்துரை.

“எனக்கு அவசரம் இல்ல அண்ணாச்சி. எங்கன போனாலும் பொதையாம போவணும். ரெண்டுக்கும் இதையே போடுங்க.”

பழைய டயர்கள் கழன்று விழுந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். மொட்டையான முன் டயரை ஐகோர்ட்துரை அவள் கண் முன்னாலேயே வாரு வாராக அறுத்தார், கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல் போட வேண்டுமாம். தையல் போட்ட பின் டயர் வேப்பமரத்தில் சாய்ந்து கிடந்தது. சலேத்தம்மாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. புது ரப்பர் வாசனை மூக்கில் ஏற, கருவாட்டு வாசனையும் அதோடு சேர, உயிரோடு இருக்கிறோம் என்கிற சந்தோஷத்தில் எல்லோருக்கும் கையாட்டிவிட்டு ஏறி மிதித்தாள். பொன்னுக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், தர்ஷினி கையாட்டவில்லை, அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஊருக்கு ஊமைக்குளத்தங்கரை வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிப்போகிற வழி ஒன்று உண்டு, ஆனால் சலேத்தம்மாளுக்குத் தன் சாவு விழுந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசை வந்துவிட்டது, அந்த ஆசையை அவளால் அடக்க முடியவில்லை. தெரு சிமெண்ட் முடிந்ததும் மணலில் பழைய தடம் தெரிந்தது, அவள் அதற்குப் பக்கத்திலேயே, அதை மிதிக்காமல், தன் இஷ்டத்துக்கு ஓட்டினாள். வழியெல்லாம் பூரான் பூரானாகத் தையல். கரையில் ஏறுகிற வளைவில் அது வளைந்து, கரையோடு நேராகப் போய், மதகுக்குப் பக்கத்தில் சரிவில் இறங்கி, தண்ணீரில் மறைந்தது. அந்த இடத்தில் குளம் ஆழம், கரை ஓரத்திலேயே ஆள் முழுகும், மாடு குளிப்பாட்டுகிறவர்கள்கூட அந்தப் பக்கம் இறங்க மாட்டார்கள். சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தாள். தண்ணீர் சும்மா கிடந்தது. வெயிலுகந்தானும் ஆடுகளும் எங்கேயோ போய்விட்டிருந்தார்கள்.

“போ, நீ மட்டும் போ” என்று தடத்திடம் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள், மிதித்தாள்.

குளத்தங்கரை அந்தக் கோடியில் மறுபடி ஒரு வளைவு வளைகிறது. அதில் திரும்பும்போது, புது டயர் மண்ணில் எப்படிப் பதிகிறது என்று பார்க்கிற ஆசையில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அழகாகப் பதிந்திருந்தது. நேர் வழியில் ஒரே கோடாக வந்த தடம், வளைவில் இரண்டு கோடாகப் பிரிந்து, முன் சக்கரம் வெளியேயும் பின் சக்கரம் உள்ளேயும் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தது. எந்த சைக்கிளும் அப்படித்தான், வளைகிற இடத்தில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் மேல் ஏறாது. பொன்னுக்கிளி வீட்டு முருங்கை மரத்தைச் சுற்றுகிறபோதெல்லாம் இரண்டு கோடு விழும், ஒன்று மொட்டை, ஒன்று தையல், அதைச் சலேத்தம்மாள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

ஆனால் வரும்போது பார்த்த பழைய தடம், கரையில் ஏறுகிற வளைவில் ஒரு கோடாகத்தான் இருந்தது. தையல் மட்டும். மொட்டையைக் காணோம்.

 மொட்டையை ஐகோர்ட்துரை அறுத்துவிட்டார், அதற்குப் போக இனி இடமில்லை, அது சரி. அப்படியானால் காலையில் இந்தக் கரையில் விழுந்தது சைக்கிள் தடமே இல்லை. ஒற்றைச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் யார் வருவார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டு முடிப்பதற்குள், கரையில் அவள் ஏறி வந்த கோடியில் டக் டக்கென்று குச்சிச் சத்தம் கேட்டது.

தர்ஷினி வந்துகொண்டிருந்தாள். கையில் குச்சி, முன்னால் தையல் போட்ட டயர், கண் தரையில், தடத்தை விட்டு ஒரு விரல் அகலம்கூட விலகாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி! நில்லுட்டி! டயர விடு!”

காற்று எதிர்த்து அடித்தது. கேட்டாலும் அந்தப் பிள்ளை நிமிர்ந்திருக்காது, நிமிர்ந்தால் அவுட். சலேத்தம்மாள் பாரத்தோடு சைக்கிளை அப்படியே திருப்பினாள், எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கரை மண் மழையில் ஊறிக் கூழாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சாக்கு ஆட, ஓலைப்பெட்டி முதுகில் இடிக்க, மாதாவே மாதாவே என்று கத்திக்கொண்டு நின்றபடி மிதித்தாள், அகல டயர் கூழ் மண்ணில் படுத்துப் படுத்து எழும்பியது, வழுக்கியது, புதையவில்லை. ஒல்லி டயரை எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே நட்டுக்கொண்டு நின்றிருப்பாள். எதிரே டயரும் பிள்ளையும் மதகை நோக்கி வந்தன, இந்தப் பக்கம் அவள் வந்தாள், இடையில் தண்ணீர் வெயிலில் பளபளவென்று கிடந்தது. டயர் சரிவில் இறங்கியது. சரிவில் அதைக் குச்சி ஓட்ட வேண்டியதில்லை, அதுவாகவே ஓடும், ஓடுகிற டயரை விட்டுவிடாமல் பிள்ளையும் ஓடும். சலேத்தம்மாள் பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிளையும் பாரத்தையும் தன்னையும் சேர்த்துச் சரிவில் குறுக்கே விட்டாள்.

சைக்கிள் பாதி சரிவிலும் பாதி தண்ணீரிலுமாகக் கவிழ்ந்தது, ஓலைப்பெட்டி திறந்துகொண்டது, இடுப்புவரை தண்ணீரில் சறுக்கிய சலேத்தம்மாளின் ஒரு கையில் சைக்கிளின் கேரியர் இருந்தது, இன்னொரு கையில் தர்ஷினியின் சடை இருந்தது. டயர் அவர்களைத் தாண்டி, நேராக, ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு நெத்திலியும் வாளையும் சாளையும் அந்த இடத்தில் மிதந்தன, உப்பில் காய்ந்த மீன்கள் மறுபடியும் நனைந்து மெதுவாகத் திரும்பித் திரும்பி மிதந்தன.

அந்தப் பிள்ளையை மேலே இழுத்துப் போட்ட பிறகும் அவள் சடையை விடவில்லை. தர்ஷினி வலிக்கிறது வலிக்கிறது என்று அழுதாள், டயர் போச்சு என்று அழுதாள். சலேத்தம்மாளுக்கு அழுகை வரவில்லை. பற்கள் மட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பிள்ளையைத் தண்டில் உட்காரவைத்து, அவள் கோட்டான்விளைக்குத் திரும்பினாள்.  பொன்னுக்கிளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா திரும்பிட்டிய? புது டயர் தோது இல்லியா?” என்றவள், பிள்ளையைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். “ஏட்டி, எங்கன விழுந்த? ஒடம்பெல்லாம் ஈரம்?”

“கிளி,” என்றாள் சலேத்தம்மாள். “நான் என் சாவக் கழத்தி மரத்துல சாச்சு வச்சிட்டு, பொழச்சிட்டேன்னு சிரிச்சிக்கிட்டே போனேன்ட்டி. அது யாரு கைக்குப் போவும்னு நெனைக்கல. ஒரு நிமிசங்கூட நெனைக்கல.”

பிறகு நடந்ததைச் சொன்னாள். வளைவில் ஒரு கோடு, மதகுச் சரிவு, தண்ணீர், சடை. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பொன்னுக்கிளி அழவில்லை, திட்டவில்லை, பிள்ளையை இழுத்து அணைக்கக்கூட இல்லை. கீரைச் சாறு பட்டிருந்த தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி ரெண்டாவதையும் அறுக்கத்தான் போனாரு” என்றாள் மெதுவாக. “பிள்ள அழுதா. நாந்தான்க்கா கேட்டு வாங்கிக் குடுத்தேன். போயி வெளாடுன்னு சொன்னேன்.”

வாசலில் காலையில் விழுந்த தடம் இன்னும் இருந்தது, முருங்கையைச் சுற்றி இரண்டு கோடாக. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தர்ஷினி ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு, இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று புரியாமல், அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

“அம்மா, நான் இன்னைக்கு அவுட்டே ஆவலம்மா. வளைவுலகூட வெலகல. தண்ணி வரைக்கும் தடத்துலயே போனேன். நாந்தான் ஜெயிச்சேன்.”